555 புத்தகமும் சீனக் கடையும்

மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் தமிழரும் சீனரும் பழகியதை நல்லெண்ணத்தின் கணக்கில் எழுதுவது வழக்கம். பற்றுக் கணக்குதான் அவர்களை நெருக்கியது என்பது என் வாதம். ரப்பரைச் சுற்றிக் குடியேறிய இரண்டு கூட்டங்கள் அவை. தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறை. அரிசியும் கருவாடும் தினமும் வேண்டும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை போன்ற சிறுபட்டணங்களின் தவுக்கேகள், அதாவது சீனக் கடை முதலாளிகள், அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னப் புத்தகத்தில் கடனைக் குறித்துக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். தாய் தகப்பன் பால்மரம் வெட்டப் போயிருக்க, புத்தகத்தோடு கடைக்குப் போனது பிள்ளைதான். தவுக்கே கொஞ்சம் தமிழ், பிள்ளை கொஞ்சம் மலாய். தொகையை இருவருமே கூட்டிப் பார்க்க முடிந்தது.

கடன் விலங்குதானே, அதில் என்ன புரிந்துணர்வு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஆள் கூட்டி வந்த கங்காணியே மேற்பார்வையும் பார்த்து, தோட்டக் கடையும் நடத்திய இடங்களில் கூலி கைக்கு வருமுன்பே கரைந்தது. கூலியை எங்கே, எப்படிச் செலவழிப்பது என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாதென 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எழுத நேர்ந்ததே அந்தக் கொடுமைக்குச் சான்று. ஆனால் கங்காணியின் கையில் கடனோடு வேலையும் இருந்தது. தவுக்கேயின் கையில் இருந்தது கடன் மட்டும். விலை ஏறினால் அடுத்த கடைக்கு நடக்கலாம் என்ற நிலை இருந்த இடத்தில் அவரும் மரியாதையாகப் பேசியாக வேண்டும். தோட்டமோ வெளியாள் உள்ளே வருவதற்கே தடை இருந்த உலகம். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும் என்பது 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைக்கு வேற்று இனத்தாரின் வீட்டு வாசல் தெரிந்தது கடையில்தான்.

கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக ஆங்கில அரசு அறிவித்த அவசரகாலம் இந்த உறவைச் சோதித்தது. காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு உணவு போகாமலிருக்க 1951 முதல் கடைக்காரர்கள் டின்னைத் துளையிட்டு விற்கவும், வாங்குபவரைப் பதியவும் வேண்டியிருந்தது. நம்பிக்கைக்காக எழுதிய கணக்கு சந்தேகத்துக்காகவும் எழுதப்பட்டது.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கிறது. வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தமிழ் இளைஞர்கள் பழைய குடிகள். இனங்களை நெருக்கவென்று உடையும் உணவும் காட்டும் ஒருநாள் விழாக்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விழாவில் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. அடுத்த மாதமும் அதே மேசைக்கு முன் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்தப் பிள்ளையையும் தவுக்கேயையும் பெயர் சொல்லிப் பழக வைத்தது.