முத்துக்குளித்துறையில் கொத்துமலர் வளர்ப்பு

1. வரையறை

விதை முளைத்து, பூத்து, மீண்டும் விதை தந்து ஒரே பருவத்தில் மடியும் செடியை ஒருபருவச் செடி என்கிறோம். அதன் பூவைப் பயன்பாட்டால் இருவகைப்படுத்தலாம். காம்பின்றிக் கொய்து நாரில் கட்டுவது தொடைமலர். காம்போடு அறுத்து நீரில் நிறுத்துவது கொத்துமலர். தொடைமலருக்குத் தலை போதும். கொத்துமலருக்கு ஒரு முழக் காம்பும், குடுவை நீரில் சில நாள் வாடாமல் நிற்கும் இயல்பும் வேண்டும். அந்த நாள்களைக் குடுவைக்காலம் எனக் குறிப்போம். சந்தைக் கேந்தி தலைக்காகவே வளர்க்கப்படுவது. கொத்துக்கென விதை தேடுவோர் முதலில் காம்பைக் கேட்டறிய வேண்டும்.

2. காரணங்கள்

முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 1 மணி நேரமே வேறுபாடு, உறைபனியும் இல்லை. ஆகவே குளிர்நாட்டு விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட மாதங்கள் இங்கே பொருந்தா. பகல் குறுகினால் பூக்கும் இயல்புடைய காஸ்மாஸ், இங்கே காம்பு நீளுமுன்பே மொட்டு வைத்துவிடும்.

இக்கரையில் செடியின் போக்கைத் தீர்மானிப்பவை காற்றும் உப்பும். ஆடிக் கச்சான் காற்று தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவது. அதன் தீங்கு வறட்சி. கார்த்திகை வாடை கடலின் உப்புத்துளியைச் சுமந்து வந்து இலையோரத்தைக் கருக்கும். ஆயினும் உடன்வரும் மழை இலையைக் கழுவிவிடும். இவ்விரண்டினும் கொடியது வேரடி உப்பு. மண்ணீரில் உப்பு ஏற ஏற வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரமண்ணில் நின்றபடியே செடி வாடும்.

3. வகைகள்

உப்பையும் மணலையும் ஒருங்கே தாங்குவதில் கெய்லார்டியாவை முதலில் வைக்கிறோம். கோழிக்கொண்டை உவர்நீரிலும் பிழைக்கும். ஆனால் காம்பு குறுகும். வாடாமல்லி உலர்ந்த பின்னும் பல மாதம் நிறம் காக்கும். ஜினியாவுக்கு நல்ல தண்ணீர் உள்ள வீடே ஏற்றது.

4. நிலைகள்

உப்புக்கு மிக எளிதில் ஆட்படுவது நாற்று நிலை. எனவே கிணறு உவர்த்திருப்பின், முளைப்பு முதல் நடவு வரையிலாவது தாமிரபரணிக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுக. தேங்காய்நார்க் கழிவை நன்கு அலசிய பின்பே தொட்டியில் இடுக. அதிலும் உப்பு உண்டு. நான்கு இணை இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழும். ஒவ்வொன்றும் ஒரு காம்பாகும்.

விதைப்பு நாளைத் திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே இங்கு முறை. தூத்துக்குடிப் பனிமய மாதா பெருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுறும். ஜினியா பூக்க 60 முதல் 70 நாள் ஆகுமாதலால், கொடியேற்றத்துக்குப் பூ கிடைக்க மே மூன்றாம் வாரத்தில் விதைக்க வேண்டும்.

அறுவடை விடியற்காலையில் நிகழட்டும். ஜினியா மொட்டாக அறுத்தால் குடுவையில் விரியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க: கழுத்து விறைத்து நின்றால் அறுக்கலாம்; துவண்டால் விட்டுவிடுக.

வளர்ப்போர் தம் கிணற்றுநீரின் உப்பளவு, விதைத்த நாள், முதற்பூ கண்ட நாள் மூன்றையும் குறித்துவைக்க வேண்டுகிறோம். இக்கரைக்குரிய விதைப்பு அட்டவணையை அக்குறிப்புகளைக் கொண்டே வகுக்க இயலும்.