தரவரிசையும் வரலாற்றுச் சான்றும்: 2002ஆம் ஆண்டு பிபிசி பாடல் பட்டியலை முன்வைத்து

தமிழ்த் திரையிசை குறித்து நம் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. 'ராக்கம்மா கையத் தட்டு' என்னும் பாடலை உலகின் நான்காவது சிறந்த பாடலாகப் பிபிசி தேர்ந்தெடுத்தது என்பதே அது. இதனை மறுப்போரும் உளர். அஃது ஆர்வலர்கள் கூடிப் போட்ட இணைய வாக்கு, அதற்கு மதிப்பேதுமில்லை என்பது அவர்தம் வாதம். இவ்விரு தரப்பாரும் ஒரே கேள்வியைத் தவறவிடுகின்றனர் என்பது நம் கருத்து. அப்பட்டியல் எதனை எண்ணியது?

பிபிசி உலக சேவை தனது 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2002இல் நேயர்களிடையே வாக்கெடுப்பு ஒன்றினை நடத்தியது. இசையறிஞர் குழு எதுவும் அமர்ந்து ஆய்ந்து வழங்கிய தீர்ப்பன்று அது. முதலிடம் வுல்ப் டோன்ஸ் குழுவினர் பாடிய அயர்லாந்து விடுதலைப் பாடலுக்கும், இரண்டாமிடம் 'வந்தே மாதர'த்திற்கும், மூன்றாமிடம் 'தில் தில் பாகிஸ்தா'னுக்கும் கிடைத்தன. மேலை நாடுகளில் பெரும்புகழ் பெற்ற குயின் குழுவின் பாடல் எட்டாமிடத்திலும் செர் பாடிய பாடல் பத்தாமிடத்திலுமே நின்றன. முதல் மூன்றும் நாட்டுப்பற்றுப் பாடல்கள் என்பதும், இந்தியப் பாடலும் பாகிஸ்தானியப் பாடலும் அடுத்தடுத்து நிற்பதும் வாக்களித்தோர் மனநிலையை ஓரளவு காட்டிவிடுகின்றன. அயர்லாந்துப் பாடலுக்கு மின்னஞ்சல் வழியே ஆதரவு திரட்டப்பட்டதும் அப்போதே பேசப்பட்டது.

நான்காவதாக வந்தது 1991இல் வெளிவந்த 'தளபதி' படப்பாடல். வாலியின் வரிகளோடு திருநாவுக்கரசர் தேவாரத்தையும் இணைத்து இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடியது. இதன் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நான்காமிடத்தைப் பெருமையுடன் மேற்கோள் காட்டுவோர் ஐந்தாமிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவ்விடத்தைப் பெற்றதும் தமிழ்ப் பாடலே. திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்னும் அப்பாடல் ஈழத்தமிழர் இடப்பெயர்வைப் பாடுவது. திரைப்படத்தின் துணையோ பெருநிறுவன விளம்பரமோ இல்லாத பாடல் அது. போரினால் பல நாடுகளில் சிதறிய ஒரு சமூகம் இணையத்தின் வழி ஒன்றுகூடியதன் தடயமாகவே நாம் இதனைக் கொள்கிறோம். பாடலின் தரத்திற்கு நலிந்த சான்றாகும் இப்பட்டியல், கேட்டோர் வரலாற்றுக்கு வலுவான சான்றாகிறது. 'கூடிப் போட்ட வாக்கு' என்று இதனைத் தள்ளிவிடுவோர் இழப்பது இச்சான்றையே.

எண்ணும் முறை மாறினால் வரிசையும் மாறும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டும் உண்டு. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி தொடக்கத்தில் தரவரிசையே அன்று. பின்னரே பாடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் கணக்கில் கொள்ளப்பட்டது. குறிப்பிட்ட வாரங்கள் நீடித்த பாடலை மகுடம் சூட்டி விடுவிக்கும் விதியும் இருந்தது. ஆகவே அதன் ஆண்டுப் பட்டியல்களை வெறும் விற்பனைக் கணக்காகக் கொண்டு வாதிடுவது பொருந்தாது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழிசை இரசனையை எழுத முற்படுவோருக்கும் இச்சிக்கல் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இருந்த ஒலிநாடாக் கடைகளின் விற்பனையை மட்டும் நம்ப இயலாது. ஒருவர் வாங்கிய நாடா பல வீடுகளில் படியெடுக்கப்பட்ட காலம் அது. வானொலி நேயர் விருப்பமோ வேறு வகையானது. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ்ப் பிரிவு முதல், 2005இல் மின்னல் எப்.எம். எனப் பெயர் பெற்ற இன்றைய நிலையம் வரை, பாடலுக்கு முன்னர் அதனை விரும்பிக் கேட்டோர் பெயர்களைப் படிப்பது வழக்கம். பாடலைக் கேட்கும் ஆவலோடு, தம் பெயரும் உற்றார் பெயரும் காற்றில் ஒலிக்க வேண்டும் என்ற ஆவலும் அக்கடிதங்களை எழுதச் செய்தது. ஓர் அட்டையில் ஒரு குடும்பமே கையொப்பமிடும். அதனை ஒரு வாக்காக எண்ணுவதா, எட்டு வாக்காக எண்ணுவதா?