ஆறு மாடு, ஒரு லாரி: திருத்தணி வழியே கால்நடை போன கதை

இன்னைக்கு நாம எடுத்துக்கப்போறது ஒரு சின்ன கேள்வி. ஒரு மாட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக எந்த வண்டியைப் பிடிக்கணும்? திருத்தணியில் நின்று இதைக் கேட்டால், ரயில், மாநில எல்லை, சட்டம், வாடகை எல்லாம் பதிலுக்குள்ள வந்துடும். நான் சொல்ல வர்றது இதுதான்: வண்டியைத் தேர்ந்தெடுத்தது ஒருநாளும் மாட்டின் வசதி இல்லை, ஒரு நடைக்கு என்ன செலவு என்கிற கணக்குதான். மாட்டுக்கான இடத்தை அந்தக் கணக்குக்குள்ள கொண்டுவர்றதுக்கு ரொம்ப காலம் ஆச்சு.

முதலில் வண்டியே கிடையாது. மாடு நடந்தது. திருத்தணியிலிருந்து சென்னை 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கால்நடைகளை நடத்திக் கொண்டுபோவதற்கென்று 2001ல் ஒரு தனி விதி வந்தது. மாடு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அப்படிப் பார்த்தால் மூன்று நாள் பயணம். வழியில் மேய்ச்சல், ஏரித் தண்ணீர், ராத்திரிக்குத் தங்கல். ஆட்டு மந்தை என்றால் அறுவடை முடிந்த கழனியில் கிடை போட்டுக்கிட்டே நகரும். நடை மெதுவானதுதான். ஆனால் ஒரு மாட்டுக்கு எத்தனை அடி இடம் என்ற கேள்வியே அதில் எழாது.

ரயில் வந்ததும் அந்தக் கேள்வி பிறந்தது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாக வடமேற்கே போகும் பாதை, 1871ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. சரக்குப் பெட்டியில் மாடு ஏற்றுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. பெட்டியின் தளமும் நடைமேடையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். கதவை இறக்கிப் போட்டால் அதுவே பாலம். மாடு ஏற வேண்டாம், நடந்தே உள்ளே போயிடும். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, லாரிக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்து எல்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. அதோடு திருத்தணியும் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் செய்த சமரசம், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம், இவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இதை நாம மொழியின் கதையாகவே சொல்வோம். லாரிக்காரருக்கு அது பர்மிட்டின் கதையும்கூட. அப்போது நடைமுறையில் இருந்தது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். ஒரு வட்டாரத்தில் வாங்கிய பர்மிட் இன்னொரு வட்டாரத்தில் செல்லுபடியாக, அங்கே உள்ள அதிகாரியும் கையெழுத்துப் போடணும். எல்லை திருத்தணிக்குத் தெற்கே இருந்தவரை, அங்கிருந்து சென்னைக்குப் போறது மாநிலம் தாண்டும் பயணம். எல்லை வடக்கே நகர்ந்ததும், பக்கத்திலேயே இருக்கிற நகரியும் புத்தூரும் வெளி மாநிலம் ஆயிடுச்சு. நடக்கிற மாட்டுக்கு இப்படி ஒரு காகிதம் தேவைப்பட்டதில்லை. லாரியில் ஏறின மாட்டுக்குத் தேவைப்பட்டது.

இனி சட்டம். 1960ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1978ல் விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான விதிகள் வந்தன. மாடுகள் பகுதியைப் படிச்சா ஒண்ணு புரியும்: எழுதினவங்க மனசில் ரயில்தான் இருந்திருக்கு. அகலப் பாதைப் பெட்டியில் 10 மாடு, மீட்டர் கேஜில் 6, குறுகிய பாதையில் 4. மாட்டுப் பெட்டியை ரயிலின் நடுவில் இணைக்கணும். பெட்டிக்குள்ள சமைக்கக் கூடாது. கறவை மாடு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பால் கறக்கணும். இவ்வளவு விவரமும் ரயிலுக்கு.

லாரிக்குக் கிடைத்தது ஒரே ஒரு விதி. ஆனால் நல்ல விதி. ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் வழுக்காமல் இருக்கத் தளத்தில் தென்னை நார் விரிப்போ பலகையோ போடணும். பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்டணும். கூட ஓர் ஆள் போகணும். மாட்டோடு வேற சரக்கு ஏற்றக் கூடாது. முடிந்தவரை மாடு என்ஜினைப் பார்த்து நிற்கணும்.

ஏன் ஆறு? ஒரு மாட்டுக்குச் சராசரி 2 சதுர மீட்டர் என்பதும் அதே விதிகளில் இருக்கு. 17 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள ஒரு லாரித் தளத்தை எடுத்துக்குவோம். 119 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஐந்தரை மாடு வருது. ஆட்டுக்கும் பாருங்க: நாலரை, ஐந்து டன் லாரியில் 40 ஆடு என்பது 1978 விதி. ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் என்பது பின்னால் வந்த விதி. அதே தளத்தில் 36 ஆடு வருது. இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகுது. சட்டம் கேட்டது அதிகப்படியான இடம் ஒன்றும் இல்லை, மாடு நிற்கும் அளவுதான். ஆனால் ஆறு மாட்டுக்கு ஒரு முழு லாரி வாடகை, அதோடு திரும்பி வரும்போது காலி வண்டி. இந்தச் செலவை யார் ஏற்பது? அங்கேதான் ஆறு பத்தாகும், பத்து பதினைந்தாகும்.

இந்த மீறலை வழியில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். 2015ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ சேர்க்கப்பட்டது, 2016 ஜனவரி 1 முதல் அமல். கணக்கு அதே 2 சதுர மீட்டர்தான். ஆனால் இப்போ அது வண்டியின் பாடிக்குள்ளேயே வந்துடுச்சு. விலங்கு ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் நிரந்தரத் தடுப்பு இருக்கணும், அந்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. போகும்போது மாடு, திரும்பும்போது மாங்காய் என்ற ரிட்டன் லோடு கணக்குக்கு இதில் இடமே இல்லை.

இதுக்கு நடுவில், 2005ல், டாடா ஏஸ் வந்தது. நம்ம ஊர் குட்டியானை. ஒரே ஒரு பசு வச்சிருக்கிறவருக்கு முதல்முறையா தனக்குன்னு ஒரு வண்டி கிடைச்சது. தளம் தாழ்வு, நடைமேடை இல்லாத ஊரிலும் ஒரு மண்மேடு போதும். தளம் ஏறத்தாழ 7 அடிக்கு 5 அடி, சுமார் 3 சதுர மீட்டர். முதலில் வந்த வண்டியின் சுமைத்திறன் 750 கிலோ. கலப்பினப் பசு ஒன்று 350, 400 கிலோ இருக்கும். அப்போ ஒரு பசு, கூட ஒரு கன்று. இரண்டாவது பசு ஏறினால் இடமும் போச்சு, எடையும் எல்லைக்கு வந்துடுச்சு.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றலாமான்னு கேட்பீங்க. இந்தப் பக்கம் டிரெய்லர் கரும்புக்கும் செங்கல்லுக்கும் ஓடுறது. கரும்பு கட்டினா கட்டின இடத்தில் கிடக்கும். மாடு நகரும். இரண்டு சக்கர டிரெய்லரில் மாடு பின்னால் ஒதுங்கினால் கொக்கிப் பக்கம் தூக்கும், முன்னால் வந்தால் அழுத்தும். மேடு பள்ளத்தில் அந்த ஆட்டம் முழுக்க மாட்டின் காலில்தான் இறங்கும். பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போகலாம், நெடுஞ்சாலைக்கு வேண்டாம்.

ஆக வண்டி பேசும்போது வாடகைக்கு முன்னாடி கேட்க வேண்டியவை: தளம் எத்தனை அடி, வழுக்குமா, பக்கச் சுவர் மாட்டின் தோளுக்கு மேல் இருக்கா, ஏற்ற இறக்க மேடு எங்கே, கூட யார் வர்றாங்க. மாடு பயணத்துக்குத் தகுதியா இருக்குன்னு கால்நடை மருத்துவர் தரும் சான்றும் கையில் வேணும்.

ஒரு சிக்கல் மட்டும் அப்படியே நிற்குது. பொய்கைச் சந்தைக்கு ஒரு பசுவைக் கொண்டுபோற சிறு விவசாயி, சட்டப்படி போனால் முழு வாடகையும் அவர் தலையில். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டால் வாடகை பாதி, ஆனால் 3 சதுர மீட்டரில் இரண்டு பசு. அதில் ஒன்று சறுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா, போறது அந்த வீட்டின் மொத்த முதல். அந்த மிச்ச வாடகையை யார் கொடுப்பதுன்னு எந்த விதியும் இதுவரை எழுதலை. உங்க ஊரில் இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு எழுதுங்க.