யாழ்ப்பாணக் கிராமங்களிற் கிணறும் மலக்குழியும்

இலங்கைத் தீவின் வடகோடியில் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்துக் கடனீரேரியில் விழும் வழுக்கியாற்றை ஆறென்று வழங்குவது ஊரவர் அதன்மேற் கொண்ட அன்பினாலேயே எனலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே இந்நிலத்தின் முழுமுதற் செல்வம். அம்மழைநீர் மேற்பரப்பிலுள்ள மண்ணையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களையும் ஊடுருவி இறங்கிப் பாறையினுள்ளே தங்குகின்றது. கடல்நீர் நன்னீரிலும் அடர்த்தி மிக்கது; ஆதலின் உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே 40 அடி உவர் ஏறும் என்பது அதே கணக்கின் மறுபக்கம். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேனீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இவ்வுண்மையைக் கண்முன் காட்டும். இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கிணற்றையும் யாழ்ப்பாணத்துத் துலாக்களையும் வியந்து எழுதியுள்ளார்.

குடாநாட்டு மக்கள் கிணற்றை நம்பியே வாழ்ந்தனர். பாறையைப் பிளந்து கிணறு வெட்டுதல் எளிய செயலன்று. ஆடுகால், துலா, துலாக்கொடி, பனையோலைப் பட்டை என்பன சேர்ந்த இறைப்புமுறையில், ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க மற்றொருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். ஒரு நாளில் மனிதர் உடல்வலியால் இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையே நிலநீருக்குக் காவலாயும் இருந்தது என்பது பிற்காலத்திலேதான் விளங்கிற்று. வீட்டுக் கிணற்றடியிற் குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. மலசலங் கழித்தற்குப் பனங்கூடல்களும் வடலிக் காணிகளும் இருந்தன. குடிசனம் அடர்த்தியற்றிருந்த காலத்தில் வெயிலும் காற்றும் அக்கழிவை ஒருவாறு அழித்தன. எனினும், மாரிமழை அதனைக் கழுவிக் கட்டில்லாத கிணறுகளுக்குட் கொண்டுசென்றது. மழைக்காலத்தில் வயிற்றோட்டம் மிகுவதனை ஊரவர் அறிந்திருந்தனர், காரணம் அறிந்திலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி இக்குடாநாட்டைப் பலமுறை வாட்டியது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் வந்த வழிகளிலேயே நோயும் வந்தது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலையமாகக் கொண்டு, இடையிற் சில ஆண்டுகள் தாயகஞ் சென்றிருந்தமை தவிர, 1873 வரை பணிபுரிந்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றிய பெருமை அவருக்கு உரியது. ஆயினும் அவர் பணியின் முற்பாதிக் காலத்தில் நோயின் வழி எதுவென்று மேனாட்டு மருத்துவருக்கே தெளிவில்லை. 1854இல் இலண்டனில் யோன் சினோ என்னும் மருத்துவர் ஒரு தெருக் குழாய்க் கிணற்று நீருக்கும் வாந்திபேதி மரணங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்; 1884இல் ரொபேட் கொக் என்னும் சேர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் அந்நோய்க் கிருமியையே கண்டார். இவ்வுண்மை யாழ்ப்பாணக் கிராமத்துக் கிணற்றடியை வந்து சேர மேலும் ஒரு தலைமுறை சென்றது.

மலசலகூடம் என்பது அரசாங்கத்தின் கவலையாக மாறியது, விந்தையாக, கிணற்றின் காரணமாகவன்று. ஒரு புழுவின் காரணமாகவே. அமெரிக்காவின் றொக்பெலர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. சோதிக்கப்பட்ட தொழிலாளருட் பத்துப்பேரில் ஒன்பதின்மருக்கு மேலாக அப்புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தவுடன் புழு நீங்கும்; வெறுங்காலுடன் அதே மண்ணில் நடந்தவுடன் மீண்டும் ஏறும். மலசலகூடம் இன்றேல் மருந்து வீண் என்று வந்தவர் வற்புறுத்தினர். தோட்டத் துரைமாரோ மருந்தை விரும்பிய அளவுக்குக் கட்டடச் செலவை விரும்பவில்லை. தொழிலாளியின் வேலைத்திறன் கூடுதல் வேண்டும், ஆனால் அதற்குக் காசு செலவாதல் கூடாது என்பதே அவர்தம் நிலைப்பாடு. இப்பட்டறிவிலிருந்தே நோயைத் தனித்தனியே துரத்தாது ஓர் ஊரின் முழுச் சுகாதாரத்தையும் ஒருங்கே நோக்கும் சுகாதாரப் பகுதி என்னும் அமைப்பு எழுந்தது. அதன் முதலாவது நிலையம் 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரவர் உயிரைக் கவர்ந்தபின் இத்தகைய பகுதிகள் நாடெங்கும் பெருகின.

இவ்வாறு சுகாதார வைத்திய அதிகாரியும் அவர்கீழ்ச் சுகாதாரப் பரிசோதகரும் யாழ்ப்பாணக் கிராமங்களுக்கும் வந்தனர். துவிச்சக்கர வண்டியில் வரும் பரிசோதகரைக் கண்டாற் சிறுவர் ஓடியொளிந்த காலமும் உண்டு. அவர் கேட்டவை மிகச் சிலவே: கிணற்றுக்குக் கட்டு, அதனைச் சுற்றிச் சீமெந்துத் தளம், சிந்திய நீரைத் தூரக் கொண்டுசெல்லும் வாய்க்கால், கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பால் மலசலகூடம், நோய்க்காலத்திற் கிணற்றுள் வெளிற்றுந்தூள். வெளிற்றுந்தூள் இட்ட நீரின் மணத்தை மக்கள் வெறுத்தனர். வீட்டு வளவுக்குள் மலங் கழித்தல் ஆசாரத்துக்கு இழுக்கு என்ற எண்ணமும் எளிதில் அகலவில்லை. அவ்வெண்ணத்தை மூடத்தனம் என்று தள்ளுதல் நேர்மையாகாது. பட்டணத்து வாளிக் கக்கூசையும் அதனைச் சுமந்த தொழிலாளரின் இழிநிலையையும் கண்டவன் கிராமத்துக்கும் அது வேண்டாம் என்று எண்ணியதில் வியப்பென்ன? நீரடைப்புள்ள சீமெந்துத் தட்டு வந்து, நாற்றமும் இலையானும் நீங்கிய பின்னரே மலசலகூடம் வளவுக்குட் புகுந்தது.

கிணற்றைச் சுற்றி வேறொரு கட்டும் இருந்தது. அதனைப் பரிசோதகரின் பதிவேடு காட்டாது. காணியுடையோர் வளவுக்குள்ளேயே நல்ல கிணறுகள் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் அக்கிணறுகளில் அள்ளுதல் தடுக்கப்பட்டிருந்தது. அவர்தம் பெண்கள் குடத்துடன் காத்து நின்று, உரியவர் அள்ளி ஊற்றிய நீரையே கொண்டுசென்றனர். ஊற்றுவோர் இல்லாத வேளையிற் குளத்து நீரும் உவர்க்கிணற்று நீருமே கதி. நற்றண்ணீர் நிலத்தடியில் யாவர்க்கும் பொதுவாய் ஓடியது. நிலத்தின் மேலே அது சிலர்க்கே உரியதாயிற்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. கிணறுகளிற் பெரும்பாலானவை வேலிக்குட்பட்டவையாதலின் சட்டத்தின் கை அங்கு எளிதாக எட்டவில்லை. 1960களில் எழுந்த போராட்டங்களைக் கூறுவோர் கோயிற் கதவையும் தேநீர்க் கடையையும் விரித்துரைப்பர். கோயிலுக்கு ஒருவர் திருவிழாவன்று போவார்; கிணற்றுக்கோ நாடோறும் போதல் வேண்டும். சுகாதார வரலாற்றை எழுதப் புகுவோர் குறிக்கவேண்டிய முதன்மையான நோய்க்காரணம் அந்த வேலியே.

துலாவின் இடத்தை 1950களில் மண்ணெண்ணெய் இயந்திரம் பற்றத் தொடங்கிற்று. இருவர் நாள் முழுதும் இறைத்ததை இயந்திரம் சிறு பொழுதில் இறைத்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. பல பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவ்விளைச்சலிலிருந்தே வந்தது. கரையோரக் கிணறுகள் உவராகின. நிலநீரைப் பெருக்கும் பொருட்டுப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் 1954இல், ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளை நன்னீர் ஏரிகளாக்கி உப்பாற்று வழியே நீர்கொணரும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். அதன் சில அணைகள் எழுந்தன, முழுத்திட்டம் நிறைவேறவில்லை.

உவரேறுதல் நாவுக்குத் தெரியும். நாவுக்குத் தெரியாத கேடொன்று மெல்ல வந்தது. செயற்கை உரத்தின் நைத்திரேற்று நீருடன் கரைந்து பாறையினூடே இறங்கிற்று. சுகாதாரத்துக்கென வெட்டிய மலக்குழியும் அதற்குத் துணைபோயிற்று. மட்களப்பில் அல்லது களிமண்ணிற் குழி வெட்டினாற் கழிவு மெல்லக் கசிந்து மண்ணால் வடிக்கப்படும். சுண்ணாம்புக் கல்லிலோ வெடிப்பைக் கண்ட நீர் வடிகட்டலின்றி ஓடும். ஆண்டுகள் பல சென்றும் நிரம்பாத குழி நல்ல குழி என்று வீட்டுக்காரர் மகிழ்ந்தனர். அது நிரம்பாமைக்குக் காரணம் உள்ளிட்டதெல்லாம் கிணற்றை நோக்கிச் சென்றமையே. 50 அடி என்னும் விதி மணல் நிலத்துக்குப் போதியதாயிருக்கலாம். வெடித்த பாறைக்கு அது போதாது. அன்றியும் பிள்ளைகளுக்குச் சீதனமாகத் துண்டாடப்பட்ட சிறு காணியில், தன் குழி தன் கிணற்றுக்குத் தூரமாயினும் அயலான் கிணற்றுக்கு அண்மையாயிற்று. 1980களில் வெளிவந்த ஆய்வுகள் பயிர்ச்செய்கை மிக்க பகுதிகளிற் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருந்தமையைக் காட்டின. கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைக் கொண்டுசெல்ல முடியாது உடல் நீலம்பாரிக்கும் நோய்க்கு அது ஏதுவாகும். நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் தீரும் என்று பள்ளிகளிற் கற்பிக்கப்பட்ட பாடம் இங்கு உதவாது; கொதித்தாற் கிருமி இறக்கும், நைத்திரேற்று நீங்காது, நீர் வற்றிய அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும்.

கிராமங்களைக் கவனித்த கிராமச் சபைகள் 1981இல் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிரதேச சபைகள் வகுக்கப்பட்டன. 1983 தொடக்கம் 2009 வரை நீண்ட போர் எப்பெரு வேலைக்கும் இடங்கொடுக்கவில்லை. போரின் பின்னர், 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழிக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டது. தம் வயல்களுக்கே நீர் போதாதென்று கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். அவர்களைத் தன்னலத்தாரென்று பழித்தவர், துலா மிதித்த காலத்தில் ஒவ்வொரு குடமும் எவ்வளவு பெறுமதியாயிருந்தது என்பதை மறந்தவரே. இதற்கிடையிற் சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்களைக் கலங்கச் செய்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பாறையினூடே நீருக்கு வேலியில்லை என்பதை, ஆராய்ச்சி நூல்களை ஒருபோதும் திறவாத ஊரவரும் அன்று கண்ணாற் கண்டனர்.

ஈற்றிற் கடலே துணையாயிற்று. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஆகத்து மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. குழாய்நீர் குடிப்பதற்காம், குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறே என்று பலர் கருதுகின்றனர். குழாய் வந்த வீட்டின் பின்புறத்திலும் அடைப்பில்லாத பழைய குழி இருக்கவே செய்யும். அதனை மூடி, நீர்கசியாத தொட்டி கட்டி, நிரம்பியவுடன் வண்டியில் அகற்றுதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதைப் பிரதேச சபைகளே தீர்க்கவேண்டியுள்ளது.