திரீவ் கோபுரமனை

கோட்டைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்த பிரபுக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல் சுமந்த தோள்களுக்கும், அத்தோள்களுக்கு உணவளித்த வயல்களுக்கும் அங்கே இடமில்லை. ஸ்கொத்லாந்தின் தென்மேற்கில், டீ ஆற்றிடைத் தீவொன்றில் நிற்கும் திரீவ் கோபுரமனையை நாம் வேறு கண்கொண்டு நோக்குவோம்.

1369இல் மன்னன் இரண்டாம் டேவிட், கிழக்குக் காலோவேயை ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்னும் பிரபுவுக்கு வழங்கினான். புறூஸ் அரச குலத்தை நெடுங்காலம் எதிர்த்து நின்ற நாடு அது. அதனை அடக்கியாளவே இம்மனை எழுந்தது. ஐந்து தளங்கள், ஏறக்குறைய மூன்று மீற்றர் தடிப்புள்ள சுவர்கள். வாயிலோ நிலமட்டத்தில் இல்லை; மரப்படி ஏறியே உட்புக வேண்டும்.

இத்தளங்களின் அடுக்கில் நிலமானிய சமுதாயத்தின் அமைப்பையே காண்கிறோம். அடித்தளத்தில் களஞ்சியமும் கிணறும் இருட்சிறையும், அதன்மேல் சமையற்கூடம், அதற்கும்மேல் பிரபுவின் மண்டபமும் பள்ளியறையும், உச்சியிலே காவற்படை. குடியானவனின் விளைச்சலும் சிறைப்பட்டவனின் உடலும் ஒரே தளத்தில் பூட்டப்பட்டமை தற்செயலானதன்று. இரண்டும் பிரபுவின் உடைமைகளாகவே கருதப்பட்டன.

டக்ளஸ் குலத்தின் வலிமை முடியையே அச்சுறுத்துமளவு வளர்ந்தது. 1452இல் மன்னன் இரண்டாம் ஜேம்ஸ், அக்குலத்தின் எட்டாவது பிரபுவைத் தன் கையாலேயே குத்திக் கொன்றான். 1455இல் திரீவ் முற்றுகையிடப்பட்டது. பெரும் பீரங்கி வந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்தன. இறுதியில் கதவைத் திறந்தது பீரங்கியன்று. காவற்படைக்கு வழங்கப்பட்ட பணமும் நிலமுமே! குடிகளை அஞ்சவைத்த சுவர்கள் கையூட்டின் முன் பயனற்றுப் போயின. மக்களின் அன்பில் வேரூன்றாத அதிகாரத்துக்குக் கூலிப்படையே துணை. கூலி மாறினால் துணையும் மாறும்.

1640இல் பதின்மூன்று வாரம் முற்றுகையிடப்பட்ட பின் இம்மனை வீழ்ந்தது, பின்னர் பாழடைந்தது. 1913இல் அரசின் பாதுகாப்பில் வந்தது.

எனினும் மிகப் பெரிய உண்மையை 1970களின் அகழ்வாய்வே வெளிப்படுத்தியது. தனித்து நின்றதாகக் கருதப்பட்ட கோபுரத்தைச் சுற்றிப் பல கட்டடங்கள் இருந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், பீரங்கிப் போருக்கான புதிய அரண் அமைப்பதற்காக அவை இடித்துத் தள்ளப்பட்டன. மரத்தட்டுகளும் தோற்காலணிகளும் ஈரமண்ணிலிருந்து மீண்டன.

கோபுரம் கல்லாலானது; ஆதலால் நிலைத்தது. தட்டில் உண்டவனும் காலணி தைத்தவனும் பெயரின்றி மறைந்தனர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. குனிந்து, மண்ணையும் தோண்டிப் பார்த்தல் வேண்டும்.