காந்திக்கு பி.பி. 220

194/130. இது 1937 அக்டோபர் 26 அன்று எடுத்த அளவு. 220/110. இது 1940 பிப்ரவரி 19 அன்று எடுத்தது. இரண்டும் ஒரே ஆளின் ரத்த அழுத்தம். அந்த ஆளுக்குத் தொப்பை கிடையாது, எடை வெறும் 46.7 கிலோ. சிகரெட் இல்லை, டீ காபி இல்லை, எண்ணெயில் பொரித்தது இல்லை, தினமும் மைல் கணக்கில் நடை. ஆமாம், நம்ம காந்தி தாத்தாதான்.

காந்தியின் 150-வது ஆண்டையொட்டி 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் இதழின் சிறப்புத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. மேலே சொன்ன எண்கள் அதில் வந்தவை. படித்ததில் இருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு விஷயத்தில் இந்த மனுஷரை விடக் கறாராக இருந்தவர் யார்? அவருக்கே 220 என்றால், புனேயில் உட்கார்ந்து பொட்டி தட்டிக்கொண்டு, ராத்திரி 11 மணிக்கு வடாபாவ் சாப்பிடும் நமக்கெல்லாம் என்ன கதி?

பழைய கதையில் இருந்து ஆரம்பிப்போம். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தியும் வீட்டை விட்டு வெளியூர் போய்ச் சாப்பாட்டுக்கு அல்லாடிய நம்மைப் போன்ற ஒரு பையன்தான். புலால் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார். தங்கிய வீட்டில் போட்டதைச் சாப்பிட்டு வயிறு நிறையவில்லை. தினமும் பத்து பன்னிரண்டு மைல் நடந்து, கிடைத்த மலிவான கடையில் ரொட்டி சாப்பிட்டார். அப்படி அலைந்துதான் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கியதில் இருந்து உணவு ஆராய்ச்சி தொடங்கியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்திவிட்டார். (அம்மா கொடுத்தனுப்பும் பருப்புப்பொடியை நிறுத்தச் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன். அது வேறு விஷயம்.)

அடுத்து ஜோஹன்னஸ்பர்க். நன்றாக ஓடிய வக்கீல் தொழில், கூடவே போராட்டம், பத்திரிகை. அடிக்கடி தலைவலி, மலச்சிக்கல். மான்செஸ்டரில் 'காலைச் சிற்றுண்டி வேண்டாம்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்திருப்பதாகப் படித்தார். தானும் காலைச் சாப்பாட்டை விட்டார். சில நாள் கஷ்டம், பிறகு தலைவலி போய்விட்டது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று நம் ஆபீஸ் கேண்டீனில் 'இண்டர்மிட்டண்ட் ஃபாஸ்டிங்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதேதான். நூறு வருஷத்துக்கும் பழைய சரக்கு.

1912-ல் பால் வேண்டாம் என்று விரதம். 1915 ஹரித்வார் கும்பமேளாவில் இன்னொன்று: இந்தியாவில் இருக்கும்வரை ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பாடே இல்லை. அதற்குக் காரணம் சுவாரசியமானது. கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு வீட்டில் தங்கியபோது, பழமும் கொட்டையும்தானே சாப்பிடுகிறார் என்று வீட்டுப் பெண்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்களாம். எளிமையான சாப்பாடு அடுத்தவருக்கு எவ்வளவு பாரம் என்று அன்றைக்குப் புரிந்திருக்கிறது. டயட் இருக்கும் ரங்கமணிகள் கவனிக்கவும்!

இந்தச் சோதனைகள் எல்லாம் ஜெயிக்கவில்லை. 1918-ல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் பெரும்பாலும் ஆகாரம். வயிற்றுக்கடுப்பு வந்து பிழைப்பதே சந்தேகம் என்கிற நிலை. கடைசியில் கஸ்தூரிபாதான் ஒரு வழி சொன்னார்: விரதம் எடுத்தபோது நினைத்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே? குடித்தார், பிழைத்தார். 1929-ல் சமைக்காத உணவு மட்டும் என்று முயன்றார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அதையும் விட்டார்.

இத்தனை பக்குவப்படுத்திய உடம்பு 1935 டிசம்பரில் வார்தாவில் சரிந்து விழுந்தது. உயர் ரத்த அழுத்தம். வேலையே கூடாது, முழு ஓய்வு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 1936 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். தன் சாப்பாட்டில் எங்கே குறை என்று அவர் அதில் தேடவில்லை. மனச்சுமையைத்தான் காரணமாகச் சொன்னார். கீதை சொல்கிறபடி பற்றில்லாமல் வேலை செய்திருந்தால் இப்படி விழுந்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் தட்டையே ஆராய்ச்சி செய்த மனிதர், மண்டைக்குள் ஓடும் கவலையை வயிற்றின் வழியாக மட்டும் பிடிக்க முடியாது என்று கண்டுகொண்டார்.

அதற்காக அவர் வேலையைக் குறைத்துவிடவில்லை. ஓய்வை நாளுக்குள் ஆணி அடித்து வைத்தார். காலை மாலை நடை, மண்பட்டி, இருட்டுவதற்குள் சாப்பாடு, திங்கட்கிழமை மௌனம். இந்த மௌனத்தை எவ்வளவு காப்பாற்றினார் என்பதற்கு ஒரு நாள் போதும். 1947 ஜூன் 2, திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தோடு மவுண்ட்பேட்டன் காத்திருக்கிறார். காந்தி போனார், வாயைத் திறக்கவில்லை. பழைய உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதிக் கொடுத்தார். நமக்கு மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறோம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இயற்கை மருத்துவம் என்று எவ்வளவு பேசினாலும், 1924 ஜனவரியில் இதே புனேயின் சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் கையால் குடல்வால் அறுவை செய்துகொண்டார். பாதியில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்த அறுவை அது. ரத்த அழுத்தத்துக்கு சர்ப்பகந்தா சொட்டு மருந்து சாப்பிட்டார். அதை நம்பித்தான் இருப்பதாக டாக்டர் சுசீலா நய்யாருக்கு எழுதியும் இருக்கிறார். அது வெறும் கைவைத்தியம் இல்லை. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் கட்டுரை எழுதியது அந்த மூலிகையைப் பற்றித்தான். 1952-ல் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

கசப்பான பக்கமும் உண்டு. இதே ஊரின் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது கஸ்தூரிபாவுக்கு நிமோனியா. மகன் தேவதாஸ் பெனிசிலின் வரவழைத்தார். ஓயாமல் ஊசி குத்தி வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்தார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா இறந்தார். சில வாரங்களில் காந்திக்கு மலேரியா வந்தது, க்வினைன் சாப்பிட்டார். அந்த நேரத்தில் பெனிசிலின் காப்பாற்றியிருக்குமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மாளிகையில் கஸ்தூரிபா சமாதியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இவ்வளவு நீட்டி முழக்கக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் ஆபீஸ் பரிசோதனையில் எனக்கு 152/98. மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். டாக்டர் மாத்திரை எழுதினார். உடனே நண்பர்கள் வட்டாரத்தில் ஆளாளுக்கு வைத்தியம்: அரிசியை விடு, சிறுதானியத்துக்கு மாறு, மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது. தங்கமணி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "சாப்பாட்டை மாத்தறது சரிங்க, ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பை மூடுறதா உத்தேசம் இருக்கா இல்லையா?"

பதில் இதுதான். மாத்திரை சாப்பிடுகிறேன். ஊறுகாயும் அப்பளமும் குறைந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். வாரத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் போன் அலமாரிக்குள் போய்விடும். ஒரு நாள் முழுக்க மௌனம் இருக்க நான் மகாத்மா இல்லை, மூன்று மணி நேரம் என்னால் முடியும். காந்தியின் தட்டை அப்படியே காப்பி அடிப்பதை விட, இது உங்களுக்கும் சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறது. போன வாரம் பி.பி. பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டதற்கு, நம்ம ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் முழித்தார்கள். நீங்கள்?