ஒரு ஜரீப் தானியமும் ஓராயிரம் ரூபாயும்



நாமக்கல்லில் முட்டையின் பண்ணை விலை ஐந்து காசு ஏறினாலும் அன்றே சேலம் கடைவீதி வரை செய்தி வந்துவிடுகிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது. வியாபாரியும் வாங்குபவரும் அதற்கேற்பத் தம் கணக்கைத் திருத்திக்கொள்கின்றனர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியின் விலை நாள்தோறும் மாறுகிறது. லாரி வாடகை டீசல் விலையோடு ஏறுகிறது. விலைவாசியோடு சேர்ந்து எல்லாமே நகர்கின்ற இதே சமவெளியில் ஒரு தொகை மட்டும் பல்லாண்டுகள் அசையாமல் நின்றது. 2011ஆம் ஆண்டில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம், 2022ஆம் ஆண்டின் முடிவு வரை அதே 1,000 ரூபாயாகவே இருந்தது. 2011இல் பிறந்த குழந்தை மக்தபில் சேர்ந்து, குர்ஆனை ஓதி முடித்து, ஆறாம் வகுப்பிற்குச் செல்லும் வரையிலான காலம் அது.

இயலாதவருக்கு உதவுவது நன்மை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவ்வுதவியை எந்த அளவுகோலால் அளப்பது? விலைவாசி ஏறும்போது யாருடைய பொறுப்பில் அதைத் திருத்துவது? இக்கேள்விகளுக்கு நம் வரலாற்றில் விடை உண்டு. நம் மண்ணின் வரலாற்றிலும் ஒரு கசப்பான படிப்பினை உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு மாதாந்திர உணவுப் பங்கினை நிர்ணயிக்க விரும்பியபோது செய்த காரியத்தை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார். ஜரீப் என்பது அக்காலத்துத் தானிய அளவை. ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கி, ரொட்டி சுட்டு, ஸரீத் என்னும் உணவாகச் சமைக்கச் செய்தார்கள். முப்பது பேரை அழைத்துப் பகலுணவாகப் பரிமாறினார்கள். அவர்கள் வயிறு நிறைய உண்டனர். இரவுணவிற்கும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். அதன் பின்னரே, ஒரு மனிதனுக்கு மாதம் இரண்டு ஜரீப் போதுமானது என முடிவு செய்து, ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி வழங்க உத்தரவிட்டார்கள்.

இந்த வரிசையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கவில்லை. மனிதனின் தேவை எவ்வளவு என்பதைக் கண்ணால் கண்டு, அதையே கணக்கின் தொடக்கமாக வைத்தார்கள். அளவு தானியமாக இருந்ததால், சந்தையில் விலை ஏறினாலும் பெறுபவரின் தட்டில் உணவு குறையவில்லை. ஹிஜ்ரி 18இல், அதாவது கி.பி. 639இல், ரமாதா என்னும் கொடிய வறட்சி வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யைத் தாமும் தொடுவதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டதையும் நாம் அறிவோம். மக்களின் துன்பத்தைத் தம் வயிற்றால் அளந்த ஆட்சியாளர் அவர்கள்.

உழைக்க இயலாதோர் விஷயத்தில் இந்நெறி இன்னும் தெளிவாகிறது. ஹிஜ்ரி 12இல் ஹீரா நகரத்து மக்களுடன் காலித் பின் வலீத் (ரலி) செய்துகொண்ட உடன்படிக்கையை இமாம் அபூயூஸுஃப் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் தருகிறார். முதுமையால் தளர்ந்தவர், உடல் ஊனமுற்றவர், செல்வத்தை இழந்து வறியவரானவர் ஆகியோரிடம் ஜிஸ்யா வரி பெறலாகாது. அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் பைத்துல் மால் பராமரிக்க வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. அம்மக்கள் கிறிஸ்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பார்வையற்ற முதிய யூதர் ஒருவர் யாசிப்பதைக் கண்ட உமர் (ரலி), அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவியதோடு நிறுத்தாமல், அவரைப் போன்றோரின் வரியை நீக்கிப் பொது நிதியிலிருந்து வழங்குமாறு பொறுப்பாளருக்கு உத்தரவிட்டதும் அந்நூலிலேயே உள்ளது. இளமையில் ஒருவரிடம் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர்கள் கூறிய காரணம். அவர்கள் அதை நீதி என்ற சொல்லால் குறித்தார்கள். இரக்கம் என்று குறிக்கவில்லை.

பின்னர் உமையா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் ஆட்சியில் (கி.பி. 705 – 715) உடல் இயலாதோருக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. அத்துடன் நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளரும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியும் நியமிக்கப்பட்டதாகத் தபரீ எழுதுகிறார். எல்லாருக்கும் உள்ள உணவுத் தேவை ஒன்று. இயலாமையின் காரணமாக மேலும் ஏற்படும் செலவு வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்த ஏற்பாடு அது.

இனி நம் மண்ணிற்கு வருவோம். 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைச் சேலம், நாமக்கல் பகுதி முதியோர் தம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பர். அன்றைய சேலம் மாவட்டம் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871இல் ஏறத்தாழ 19.6 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது. 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றிற்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். செலவைக் கட்டுப்படுத்துவதே அவர் ஏற்று வந்த பணி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மருத்துவ ஆதாரங்களுடன் வாதிட்டார். சில மாதங்களுக்குப் பின் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

உமர் (ரலி) அவர்களும் தானியத்தால்தான் அளந்தார்கள். டெம்பிளும் தானியத்தால்தான் அளந்தார். முன்னவர் முப்பது பேரை உண்ணச் செய்து பார்த்துவிட்டு அளந்தார். பின்னவர் அரசின் பணப்பையைப் பார்த்துவிட்டு அளந்தார். அளவுகோல் ஒன்றாக இருந்தும் முடிவு மாறியது இதனாலேயே.

ஆயினும் அப்பஞ்சத்திலிருந்து ஒரு பாடம் ஏட்டில் ஏறியது. 1880இல் பஞ்சக் குழு அளித்த அறிக்கையின் வழியே உருவான பஞ்ச விதிகள், உழைக்க இயலாதவருக்கு வேலை வாங்காமல் உதவி வழங்க வேண்டும் என்றன. தானிய விலை ஏறும்போது ரொக்கக் கூலியும் ஏற வேண்டும் என்ற முறையையும் ஏற்றன. இன்று அரசு ஊழியர் பெறும் ‘அகவிலைப்படி’ என்ற சொல்லிலும் இந்தக் கருத்தே உறைந்திருக்கிறது. அகவிலை என்றால் தமிழில் தானியத்தின் விலை என்றே பொருள்.

இங்கேதான் நம் காலத்தின் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டிற்கு இருமுறை, நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி திருத்தப்படுகிறது. 2016 ஜனவரியில் சுழியத்திலிருந்து தொடங்கிய அது 2024 ஜனவரியில் அடிப்படை ஊதியத்தின் 50 விழுக்காட்டை எட்டியது. அது நியாயமே, அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 2012இல் 300 ரூபாய் ஆக்கப்பட்டது. 2024இலும் அது 300 ரூபாய்தான். அதுவும் வறுமைக்கோட்டிற்குக் கீழே இருந்து, 80 விழுக்காடு ஊனமும் உள்ளவருக்கு மட்டுமே. ஒரே கடையில், ஒரே விலைக்கு அரிசி வாங்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் விலை ஏறியதாக அரசு ஏற்றுக்கொள்கிறது.

தமிழகம் இவ்விஷயத்தில் பின்தங்கிய மாநிலமன்று. 1962இலேயே முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது. 1974இல் ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித்திட்டம் வந்தது. 2023 ஜனவரி முதல் அது 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. கடும் ஊனமுற்றோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை தனியே உண்டு. இவற்றை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். எனினும், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி பிறருக்கான அதே வகை உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 1,200 ரூபாயின் மேல் 25 விழுக்காடு சேர்த்தால் 1,500 ரூபாய். சட்டம் கூறிய குறைந்தபட்ச எல்லையை ஒரு ரூபாயும் மிகாமல் தொட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்கு மேலாக இரு சாராருக்கும் ஒரே 1,000 ரூபாயே வழங்கப்பட்டது. அண்டை மாநிலமான ஆந்திரம் 2024இல் இதே ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக்கியது.

கூடுதலாக ஏன் வழங்க வேண்டும் என்று சிலர் வினவலாம். நம் மதரஸா மாணவர் ஒருவரின் தந்தை போலியோவால் இரு கால்களும் தளர்ந்தவர். பிறர் பேருந்தில் செல்லும் இடத்திற்கு அவர் ஆட்டோவில்தான் செல்ல முடியும். வங்கிக்கோ தாலுகா அலுவலகத்திற்கோ போய்வந்தால், கையில் வந்த தொகையில் ஒரு பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. படுக்கையில் இருப்பவருக்கு டயப்பர், செவித்திறன் குறைந்தவருக்குக் கருவியின் பேட்டரி, உடன் இருப்பவர் இழக்கும் நாள் கூலி என இச்செலவுகள் நீளும். பிரிட்டனில் 2022இல் விலைவாசி கடுமையாக ஏறியபோது குறைந்த வருமானத்திற்கான உதவி பெறுவோருக்கு 650 பவுண்டும், ஊனமுற்றோர் உதவி பெறுவோருக்கு 150 பவுண்டும் சிறப்புத் தொகையாக வழங்கப்பட்டன. மின்சாரத்தால் இயங்கும் கருவிகளை நம்பி வாழ்பவருக்கு 150 பவுண்டு எம்மூலைக்கு என்ற கேள்வி அங்கும் எழுந்தது. செல்வந்த நாடானாலும், தேவையை அளக்காமல் தொகையைத் தீர்மானித்தால் குறை நேரவே செய்யும்.

இதுவரை அரசுகளைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஒவ்வொரு ரமளானிலும் நம் பள்ளிவாசல்களில் ஃபித்ராவின் தொகை அறிவிக்கப்படுகிறது. கோதுமையின் அன்றைய விலையை விசாரித்து, சென்ற ஆண்டைவிட இவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்கிறோம். ஸாவு என்னும் அளவை மாறாது. ரூபாய்தான் மாறும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அதே பள்ளிவாசலின் பைத்துல் மாலிலிருந்து உடல் இயலாத சகோதரருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகையை நாம் கடைசியாக எப்போது திருத்தினோம்? பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய எண்ணே ஏட்டில் தொடர்கிறது என்றால், அரசைக் கேட்கும் நாவு நமக்குத் தயங்கத்தானே செய்யும்? ஏழையின் தேவை என்பது உணவு, உடை, உறைவிடம், அவருடைய நிலைக்கு இன்றியமையாத ஏனையவை அனைத்தும் என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கியிருப்பதை நாம் கிதாபுகளில் ஓதுகிறோம்; ஏட்டில் ஓதியது கணக்கேட்டிலும் வர வேண்டும்.

ஆகவே மஹல்லா நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் மூன்று. ஃபித்ரா தொகையை நிர்ணயிக்கும் அதே அமர்வில் மாதாந்திர உதவித்தொகையையும் திருத்துங்கள். திருத்துவதற்கு முன் மாற்றுத்திறனாளிகளையே அழைத்து, அவர்களின் உண்மையான மாதச் செலவைக் கேளுங்கள். உமர் (ரலி) முப்பது பேரை அழைத்தது போல. மூன்றாவதாக, ஓய்வூதியத்தை விலைக் குறியீட்டோடு இணைக்குமாறு அரசிடம் மனு அளியுங்கள். அம்மனு நம் சமுதாயத்தாருக்காக மட்டும் இருத்தல் கூடாது. ஹீராவின் உடன்படிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ஸகாத்தும் ஸதக்காவும் நம் கடமைகள். அவற்றைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ளவும் நாம் இடமளிக்கக் கூடாது.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அதன் பின் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்ணியப்படுத்தினார்கள். மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துச் சென்றதும் உண்டு. அத்தகையோர் நம்மிடம் கேட்பது சலுகையன்று, சரியான அளவை. அளவையில் குறை செய்யாதோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.